சிறாரும் பௌதிகவியலும்

பௌதிகவியல் என்னும் பெயரைக் கேட்டவளவில் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன சூத்திரங்களும் பூட்டிய அலுமாரிகளுமே. ஆய்வுகூடத்தினுட் காலடி வைக்கும் பேறு மேல்வகுப்பினர்க்கே உரியதென்பது நெடுநாளைய வழக்கு. எட்டு வயதுச் சிறுவனின் கையிலும் பரிசோதனையை ஒப்படைத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இலண்டனிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் 1825ஆம் ஆண்டில் இளையோர்க்கென நத்தார்க்கால விரிவுரைகள் தொடங்கப்பெற்றன. மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் 1848ஆம் ஆண்டிலும் 1860ஆம் ஆண்டிலும் வெறும் மெழுகுதிரியையே பொருளாகக் கொண்டு அங்கே விரிவுரை நிகழ்த்தினார். அஃது அரிய பணியே. எனினும், பிறர் செய்யக் காண்பது வேறு; தானே செய்வது வேறு.

ஒரு நூலும் ஒரு கல்லும் போதும். நூலைக் கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுவரை ஒரு மீற்றர் இருக்குமாறு தொங்கவிட்டுச் சிறிதே இழுத்து விடுக. போய் மீளும் அலைவுகள் இருபதுக்கு ஏறக்குறைய 40 செக்கன் செல்லும். இனிப் பாரமான கல்லைக் கட்டினால் என்னாகும் என்று சிறுவரை வினவுக. விரைந்தாடும் என்பர் சிலர். மெல்ல ஆடும் என்பர் வேறு சிலர். எண்ணிப் பார்த்தால் அதே 40 செக்கன்! கடிகாரம் பிழையென்று சாதிப்பாரும் உளர். சாதிக்கட்டும், மீண்டும் எண்ணட்டும். பெரிய கல்லைக் கட்டுங்கால் அதன் நடுப்பகுதி கீழிறங்கி நீளம் கூடுதலும், அதனால் நேரம் சற்று மிகுதலும் உண்டு. இவ்வழுவைத் தானே கண்டுகொண்ட சிறுவன் அன்று பெற்ற அறிவு சிறிதன்று. பின்னர் நீளத்தை 25 சென்ரிமீற்றராகக் குறைத்தால் இருபது அலைவும் 20 செக்கனில் முடிந்துவிடும். நீளம் காற்பங்காக, நேரம் பாதியாவது ஏன்? இவ்வினாவுக்கு அவ்வயதில் விடை வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டில் ஊஞ்சலாடும்போது அவன் அதனை மீண்டும் எண்ணிப் பார்ப்பான்.

இதற்குப் பொருட்செலவு தடையன்று, காலமே தடை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளின் மாலைப்பொழுதையும் விழுங்கிவிடுகின்றது. நூலும் கல்லுங் கொண்டு விளையாடவோ கல்லூரிக்கு அனுப்பினோம் என்று பெற்றோர் வினவுதலுங் கூடும். ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. ஆயினும், உயர்தர வகுப்பில் இதே ஊசலைக் கையிலெடுக்கும் மாணவன், வரவேண்டிய விடையை முன்னரே அறிந்து, அதற்கேற்பத் தன் அளவீடுகளைத் திருத்தி எழுதுகின்றானே! அப்பழக்கம் எங்கிருந்து வந்தது? விடையை முதலிலும் பரிசோதனையைப் பின்னரும் நாம் கொடுத்ததனாலன்றோ?

யூபிலி ஞாபகார்த்தமாகப் பழைய மாணவர் கட்டடத்துக்கு நிதி திரட்டுதல் மரபு. அதனை யாம் மறுக்கவில்லை. அதனோடு, ஆரம்பப் பிரிவில் வாரம் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்படுமாயின், பொறியியலாளராயும் வைத்தியராயும் கடமையாற்றி இளைப்பாறி ஊரிலிருக்கும் பழைய மாணவர் சிலர் வந்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து அலைவுகளை எண்ணலாம். அவர்களுக்கு நிபந்தனை ஒன்றே: விடையைச் சொல்லிவிடல் ஆகாது.