அரசர் தோட்டம் மக்கள் பூங்கா ஆயிற்று

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லால்பாக் பூங்கா உள்ளது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிக்குச் சிறுவர்கள் பெற்றோருடன் அங்குச் செல்வர்; கூட்ட நெரிசலில் கண்ணாடி மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். அவ்வளவில் லால்பாக்கைக் கண்டதாகக் கொள்ளலாகாது.

இத்தோட்டத்தை 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி அமைக்கத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து வளர்த்தார். அன்று அது அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. 1856இல் அது அரசு தாவரவியல் பூங்கா ஆயிற்று. கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவில் அனைவரும் உலவலாம்.

அங்கு வேரூன்றியவற்றுள் பல, அயலிலிருந்து வந்தவை. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட சௌசௌ, லால்பாக்கின் வழியே இப்பகுதியில் பரவியது என்பர். தமிழ்நாட்டுச் சந்தைகளில் அதற்குப் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்று பெயர். எங்கிருந்தோ வந்த கொடி, வளர்ந்த ஊரின் பெயரையே பெற்றுவிட்டது!

செடிகளைப் போலவே மனிதரும் வந்தனர். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்துவந்த திகளர் சமூகத்தார், தமிழ் பேசிய முன்னோரின் வழிவந்தவர். அவர்கள் முன்னின்று நடத்தும் கரக விழா இன்று அந்நகரின் பெருவிழாக்களுள் ஒன்று.

புதிய ஊரில் வாழத் தாய்மொழியை மறக்க வேண்டும் என்பார் சிலர். தாய்மொழி இருக்க, ஊர்மொழி எதற்கு என்பார் வேறு சிலர். இரண்டுமே பிழையான கருத்துகள். வேரை வெட்டிக்கொண்ட மரமும் நிற்காது. நின்ற மண்ணின் நீரை ஏற்காத மரமும் தழைக்காது.

எனவே, கண்காட்சி இல்லாத ஒரு நாளில் சிறுவர்கள் லால்பாக்கிற்குச் செல்வது நன்று. கையில் ஓர் ஏடு இருக்கட்டும். காணும் மரங்களின் பெயர்களை இரு மொழிகளிலும் எழுதட்டும். தமிழின் வேம்பு கன்னடத்தில் பேவு. மா அங்கே மாவு. பலா அங்கே ஹலசு. தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியைக் கேட்கலாம். கன்னடப் பெயரைத் தோட்டக்காரரிடமே கேட்கலாம். மரத்தில் தம் பெயரைக் கீறுவதைவிட, மரத்தின் பெயரை அறிந்து வருவதே அப்பூங்காவுக்குச் செய்யும் சிறப்பு.