மாரிகுப்பத்து முதல் ரயிலும் தங்கவயலின் தொட்டில்களும்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் காலை ரயில்களில் ஏறுவோர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கோலார் தங்கவயலில் பொழுது புலர்ந்திருப்பதில்லை. சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல் என நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், அதே தொலைவைத் திரும்பிவரும் ஆயிரக்கணக்கானோரில் கணிசமானோர் பெண்கள். ஆயத்த ஆடை ஆலைகளிலும், துப்புரவுப் பணியிலும், கடைகளிலும், மருத்துவமனைகளிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் விட்டுவரும் குழந்தைகளுக்கான அரசு நிறுவனம் அங்கன்வாடி. அது காலை ஒன்பதரை மணியளவில் திறந்து பிற்பகலில் மூடிவிடும். தாய் ரயிலேறிய பின்னான நான்கைந்து மணி நேரமும், மாலையில் அவள் வீடு திரும்பும்வரையிலான நான்கைந்து மணி நேரமும் எந்த அரசுத் துறையின் பொறுப்பிலும் இல்லை. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கோ அங்கன்வாடியின் பகல்வேளைகூடக் கிடையாது. அதற்குரியது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுப் பொட்டலம் மட்டுமே.

குழந்தைநலச் செலவின வெட்டுகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மூடப்பட்ட மையங்களின் எண்ணிக்கையையே தேடுகின்றன. தங்கவயல் போன்ற ஊரில் இந்த அளவுகோல் ஏமாற்றிவிடும். அங்கே மையங்கள் திறந்திருக்கின்றன. குடும்பங்களுக்குத் தேவையான நேரத்தில், தேவையான வயதில், தேவையான வடிவில் அவை இல்லை என்பதே அங்குள்ள வெட்டு.

இந்த ஊரின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்ந்தால்தான் இது புலப்படும். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கங்கள், வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் தலித் குடும்பங்களை இங்கு கொணர்ந்தன. 1902இல் சிவனசமுத்திரத்து நீர்மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களைப் பார்த்து ஊரைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தனர். தொழிலாளிக்கு வாய்த்ததோ தட்டி வீடும், நுரையீரலில் படிந்த கல்தூசும். கம்பெனியின் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசும் ஏக்கத்துக்கு ஆதாரம் குறைவு. எனினும் வீடு, தண்ணீர், மருத்துவமனை ஆகியவை கம்பெனியின் பொறுப்பாயிருந்தன. வேலையும் வீடும் ஒரே லைனில் இருந்ததால், ஷிப்டு முடிந்த தகப்பன் நடந்தே வீடு வந்தான். பெண்கள் வேலை செய்யும் சுரங்கங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென அறை ஒதுக்க வேண்டும் என விதி வகுப்பதற்கு 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே இடமளித்தது. தொழிலாளியின் குழந்தை தொழிலின் செலவில் ஒரு பகுதி என்பதைக் குறைந்தபட்சம் காகிதத்திலாவது அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் இழப்பீடு பற்றியும், குடியிருந்த வீட்டின் உரிமை பற்றியும் அதன் பின் நீண்ட வழக்குகள் நடந்தன. குழந்தைப் பராமரிப்பைப் பற்றி எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. அது தனித்ததொரு சேவையாக என்றுமே பெயர் பெற்றிருக்கவில்லை அல்லவா? பெயரில்லாத ஒன்று மறையும்போது எந்தப் பதிவேட்டிலும் குறைவு தெரிவதில்லை. வேலை பெங்களூருக்குப் பெயர்ந்தது, குடும்பம் பெயரவில்லை. பெங்களூரின் வாடகையைத் தாங்கும் கூலி கிடைத்திருந்தால் அந்த ரயில்களில் அவ்வளவு நெரிசல் இருக்காது.

கம்பெனி விட்டுச்சென்ற இடத்துக்கு வந்துசேர்ந்தது அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. மைசூரு மாவட்டத்து டி. நரசிப்புரா அவற்றுள் ஒன்று. கூடுதல் உணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு உணவும் உடல்நலமும் பற்றிய கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளை ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் அளிக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. கருவுற்றவளைச் சந்திப்பது, எடை குறைந்த குழந்தையின் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது, தாய்ப்பால் நிற்கும் கட்டத்தில் உடனிருந்து சொல்லிக்கொடுப்பது ஆகியவையே இத்திட்டத்தைக் குடும்ப ஆதரவுச் சேவையாக ஆக்குகின்றன. இவை இல்லையேல் அது சமையற்கூடத்துடன் கூடிய ஒரு கொட்டகைதான். 2001 நவம்பரில் உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திட்டத்தை ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொண்டு செல்ல ஆணையிட்டது. சுரங்கம் மூடிய அதே ஆண்டு அது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை திரும்பியது. 2014–15 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் சுமார் 18,000 கோடி ரூபாய் பெற்றிருந்த இத்திட்டத்துக்கு 2015–16இல் முதலில் ஒதுக்கப்பட்டது 8,000 கோடியை ஒட்டிய தொகையே. பதினான்காம் நிதிக்குழு மாநிலங்களின் வரிப்பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்த்தியிருந்தது. ஆகவே மிச்சத்தை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது வாதம். துறை அமைச்சராயிருந்த மேனகா காந்தியே இந்த வெட்டை வெளிப்படையாகக் குறை கூறினார். துணை மானியக் கோரிக்கைகள் பள்ளத்தைப் பகுதியளவு நிரப்பின. ஆனால் செலவுப் பகிர்வு விகிதம் மாறியது மாறியதுதான்.

அதன் பின் வந்த வெட்டுக்கு ஓசையில்லை. போஷண் அபியானையும் வளரிளம் பெண்களுக்கான திட்டத்தையும் உட்கொண்டு உருவான 'சக்ஷம் அங்கன்வாடி – போஷண் 2.0' 2021–22இல் 20,105 கோடியும், 2024–25இல் 21,200 கோடியும் பெற்றது. பத்தாண்டுகளுக்கு முந்தைய தனித் திட்டத்தின் தொகையுடன் ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு உயர்வு. இதே காலத்தில் சில்லறை விலைகள் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் ஏறின. ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய், கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய், கருவுற்றவளுக்கு 9 ரூபாய் 50 காசு என்ற அளவை ஒன்றிய அரசு நிர்ணயித்தது 2017இல். பணியாளர் மதிப்பூதியத்தில் ஒன்றியத்தின் கணக்கு 4,500 ரூபாயாக உயர்ந்தது 2018இல். இந்த எண்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றதை எந்த நிதியமைச்சரும் வெட்டு என்று அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

பணம் சுருங்கும்போது சேவையில் முதலில் உதிர்வது எது? உணவு உதிராது, அதற்குக் கணக்கு உண்டு, குறைந்தால் ஊர் கேட்கும். உதிர்வது வீடு தேடிச் செல்லும் வேலை. ஒரே பணியாளர் பதிவேடு எழுத வேண்டும், 2021 முதல் கைப்பேசியில் போஷண் டிராக்கரை நிரப்ப வேண்டும், 2025 ஜூலை முதல் பொட்டலம் வாங்க வருபவரின் முகத்தைச் செயலியில் பதிவு செய்யவும் வேண்டும். ஒரு தாயுடன் அரைமணி நேரம் அமர்ந்து பேசியதைப் பதிவதற்கு அந்தச் செயலியில் பெட்டி இருந்தாலும், பேசுவதற்கு நேரம் இருப்பதில்லை. தங்கவயலிலோ பணியாளர் வீடு தேடிப் போகும் பகலில் தாய் வீட்டிலேயே இருக்கமாட்டாள்.

உண்மையான இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. 1990களின் இறுதியில் தொடங்கிய ஷுவர் ஸ்டார்ட் குழந்தை மையங்கள் 2010க்குப் பின் செலவுக்குறைப்பில் சிக்கின. 2018இல் சட்டன் டிரஸ்ட் வெளியிட்ட ஆய்வு, அதிகாரப்பூர்வக் கணக்கைவிட மிக அதிகமாக, ஆயிரம் மையங்கள்வரை மறைந்திருக்கலாம் என்றது. பலகை மாட்டியிருந்தும், வாரத்தில் சில மணி நேரமே திறந்து பெயரளவில் நிலைத்தவை பல என்பது அதன் விளக்கம். ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய முறையியல் செய்தி இது: கதவு திறந்திருக்கும் மணிநேரத்தையும், கதவுக்கு வெளியே பணியாளர் செலவிடும் மணிநேரத்தையும் எண்ணாத எந்தத் தரவும் வெட்டைக் காட்டாது.

குழந்தைக் காப்பகம் என்னும் தனித்த ஏற்பாடு இந்தியாவில் இல்லாமலில்லை. தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தின் கீழ் 2010களின் நடுவில் இருபதாயிரத்தை ஒட்டியிருந்த காப்பகங்கள், 2017இல் செலவுப் பகிர்வை 60:30:10 என ஒன்றியம், மாநிலம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றுக்குப் பிரித்த பின் சரிந்து, 2020 வாக்கில் சுமார் 6,500 ஆகச் சுருங்கின. பத்து விழுக்காட்டைக் கையிலிருந்து போட வேண்டிய சிறு தொண்டு நிறுவனங்கள் ஒதுங்கியதில் வியப்பில்லை. 2022இல் 'பால்னா' என்ற புதுப்பெயர் வந்தது.

தங்கவயலின் தாய் இந்தச் சட்டங்களுக்கும் திட்டங்களுக்கும் இடையிலுள்ள சந்துகளில் விழுகிறாள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டமும் வேலையிடத்தில் காப்பகம் கேட்டன. வேலையிடம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நிற்க இடமில்லாத ரயிலில் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லும் உரிமை, உரிமையே அல்ல. கர்நாடக அரசு 2023இல் அறிவித்த 'கூசின மனே' என்னும் கிராமக் காப்பகங்கள் நான்காயிரமும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் ஊரக வேலைத்திட்டத் தொழிலாளருக்கும் உரியவை. ராபர்ட்சன்பேட்டை நகராட்சிக்கு அவை பொருந்தா. சுரங்கம் இந்த ஊரை நகரமாக்கிவிட்டுப் போனது. நகரத்துக்குரிய வேலை போய்விட்டது. கிராமத்துக்குரிய திட்டம் வருவதில்லை.

கர்நாடகம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குப் பால் தரும் 'க்ஷீர பாக்யா' 2013இலும், கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் நாளொரு முழு உணவு தரும் 'மாத்ருபூர்ணா' 2017இலும் தொடங்கின. பணியாளர் ஊதியத்தில் பெரும்பங்கை மாநிலமே ஏற்கிறது. 'கிருகலட்சுமி' குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இத்தனைக்குப் பின்னும் வெட்டு என்று பேசுவது மிகையல்லவா என்று கேட்கலாம். மிகையில்லை. மாத்ருபூர்ணாவின் உணவை நண்பகலில் மையத்துக்கு வந்து உண்ண வேண்டும் என்பதே மூல ஏற்பாடு. ஏழாம் மாதம்வரை தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த உணவு எட்டாது. இரண்டாயிரம் ரூபாய் பயன்மிக்கது; ஆனால் அத்தொகைக்கு மாதம் முழுவதும் ஒரு குழந்தையை ஏற்கும் ஆள் எந்தச் சந்தையிலும் இல்லை. பணமாகத் தருவது, பராமரிக்கும் இடம் ஒன்று உண்டென்றால்தான் பராமரிப்பாக மாறும். மகப்பேற்று உதவியிலும் சுருக்கம் இருந்தது: 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற ஒவ்வொருத்திக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது, 2017இன் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது.

ஆக, எஞ்சியிருப்பவள் ஆயா. வட ஆர்க்காட்டுத் தமிழில் இச்சொல் பாட்டியைக் குறிக்கும். அங்கன்வாடி உதவியாளரையும் தமிழர் பல இடங்களில் ஆயா என்றே அழைக்கின்றனர். இந்த ஒற்றைச் சொல்லில் ஒரு பொருளாதாரமே அடங்கிக் கிடக்கிறது. ஒரு ஆயாவுக்குச் சொற்ப மதிப்பூதியம், மற்றவளுக்கு அதுவும் இல்லை. சுரங்கத் தூசியில் மூச்சுத் திணறும் கணவனையும் பேரக்குழந்தையையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் அந்த முதியவளின் உழைப்புதான் 2001க்குப் பின் தங்கவயலின் முதன்மையான குழந்தைநல நிதி. 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உரிமை உண்டெனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் முதல் ஆயாவைக் கண்டுகொண்டது. இரண்டாமவள் இன்னும் எவர் கண்ணிலும் படவில்லை. அவளுக்குப் பின் வரும் தலைமுறைப் பெண்களோ ஐம்பது வயதிலும் அதே ரயிலில் போகிறவர்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதே இறுதிக் கேள்வியென்றால், விடை ஊரைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது. ஒன்றியம் குழந்தைத் திட்டத்தை வெட்டிய அதே 2015இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் உருவாயின. சுரங்கத்தால் பாதிப்புற்ற பகுதிகளுக்குச் செலவிட வேண்டிய அந்நிதியின் முன்னுரிமைப் பட்டியலில் பெண்கள், குழந்தைகள் நலம் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. ஆனால் அந்நிதி ராயல்டியோடு கட்டப்பட்டது. 2001இல் மூடிய சுரங்கம் ராயல்டி தராது. நூற்றிருபது ஆண்டு பாதிப்புற்ற ஊர், பாதிப்பு 'முடிந்துவிட்டதால்' நிதிக்கு வெளியே நின்றது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 சயனைடு கழிவு மேடுகளில், சுமார் ஆயிரம் ஏக்கரில், மீண்டும் தங்கம் பிரிக்கும் ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு ஒப்புதல் அளித்தது. காற்றடித்தால் லைன் வீடுகளுக்குள் புகும் அந்தத் தூசி மறுபடியும் கனிமமாகிறது. எனவே ராயல்டியும் வரும், அறக்கட்டளைப் பங்கும் வரும். ஏலம், வேலைவாய்ப்பு, நிறுவனத்தின் பழைய பாக்கி ஆகியவை பற்றியே இதுவரை பேச்சு நடக்கிறது. குத்தகை நிபந்தனைகள் எழுதப்படும்போதே மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் ரயில் நிலையங்களின் அருகே முழுநேரக் காப்பகங்களும் அவற்றுள் எழுதப்பட வேண்டும்: முதல் ரயிலுக்கு அரைமணி முன் திறந்து கடைசி ரயிலுக்குப் பின் மூடுபவை, ஆறு மாதக் குழந்தையையும் ஏற்பவை, வீட்டில் தமிழ் பேசும் குழந்தையிடம் தமிழிலும் கன்னடத்திலும் பேசத் தெரிந்த உள்ளூர்ப் பெண்களை முறையான ஊதியத்தில் அமர்த்துபவை. குத்தகை கையெழுத்தான பிறகு கேட்டால், கோரிக்கை மனு அறக்கட்டளையின் ஆண்டுத் திட்டத்தில் சாலைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் பின்னால் வரிசையில் நிற்கும்.