திறவுகோலே காவல்

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின்சார ஸ்கூட்டர்களை இயக்குவது மின்கலம் மட்டுமன்று, மென்பொருளும் ஆகும். ஆலையை விட்டு வெளியேறிய பின்னரும் அவற்றுக்குப் புதிய மென்பொருள் இணையம் வழியே வந்து சேர்கிறது. அது தயாரிப்பாளர் அனுப்பியதுதானா என்பதை வண்டி எவ்வாறு அறியும்?

மறையாக்கக் கலை தந்த மின்னணுக் கையொப்பமே அதற்கு விடை. நிறுவனம் மறைவாக வைத்துள்ள திறவுகோலால் மென்பொருளில் கையொப்பமிடும். வண்டியிலுள்ள பொதுத் திறவுகோல் அதனைச் சரிபார்க்கும். ஓர் எழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது.

தாமே புதியதொரு முறையைப் புனைந்து, பிறர் அறியாதிருப்பதே பாதுகாப்பு எனக் கருதும் நிரலர் உளர். அது தவறு. முறை பகைவர் கைக்குச் சென்றாலும் தீங்கு நேரலாகாது என 1883ஆம் ஆண்டிலேயே மொழியறிஞர் கெர்க்காஃப்ஸ் வலியுறுத்தினார். 2001இல் அமெரிக்கா தரப்படுத்திய ஏ.இ.எஸ். முறையும் உலக அறிஞர்கள் வெளிப்படையாகச் சோதித்த பின்னரே தேர்வானது. ஆய்ந்து தேறிய முறைகளைக் கையாள்வதே அறிவுடைமை.

ஆகவே, நிரலர் காக்க வேண்டியது திறவுகோலையே. அதனை நிரல் வரிகளுக்கிடையே எழுதிவைத்தல், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். திறவுகோல் களவுபோயின், கள்வன் இடும் கையொப்பத்தையும் வண்டி மெய்யென ஏற்கும். நிரலரின் சோம்பலுக்கு விலை கொடுப்பவர், அவ்வண்டியை நம்பிச் சாலையில் செல்பவரே.