புக்கிட் பாஞ்சாங் ரயிலுக்குப் புதிய மூளை

சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் சேவை 1999 நவம்பர் 6ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங்கில் தொடங்கியது. ஓட்டுநரே இல்லாத ரயில் அன்று பெரும் புதுமை. ஆனால் செஞ்சா, ஃபஜார், பெட்டிர் வட்டாரவாசிகளிடம் கேட்டால், அதன் சேவைத் தடைகளைப் பற்றியே முதலில் சொல்வார்கள்.

அந்த நிலையை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையம் 2018ல் 344 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் வழங்கியது. 19 புதிய பெட்டிகள் வாங்கவும் 13 பழைய பெட்டிகளை மேம்படுத்தவும் அதில் இடமுண்டு. புதிய ரயில்கள் 2024 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கின.

பயணிகளின் கண்ணில் படுவது புதிய பெட்டிகள்தான். பெரிய மாற்றமோ கண்ணுக்குத் தெரியாத மென்பொருளில் இருக்கிறது. பழைய முறையில் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்குத்தான் அனுமதி. புதிய சமிக்ஞை முறையில், தான் எங்கே இருக்கிறது என்பதை ரயிலே வானொலி அலை மூலம் தொடர்ந்து தெரிவிக்கும். அதனால் ரயில்களுக்கு இடையிலான தூரத்தை நுணுக்கமாகக் கணக்கிட முடியும்.

கைப்பேசி செயலி உறைந்தால் அணைத்துப் போட்டுவிடலாம். பயணிகள் நிறைந்த ரயிலில் அது நடக்காது. 2017 நவம்பர் 15ஆம் தேதி ஜூ கூன் நிலையத்தில் இரு ரயில்கள் மோதி 38 பேர் காயமடைந்தனர். கிழக்கு மேற்குப் பாதை புதிய சமிக்ஞை முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு ரயிலின் பாதுகாப்பு அம்சம் எதிர்பாராத வகையில் நீங்கியதே காரணம் என்று தெரியவந்தது. பழையதும் புதியதும் சேர்ந்து இயங்கும் காலமே ஆபத்தானது என்பது அதில் கிடைத்த பாடம்.

இன்னொரு பாடம் 2016ல் வட்டப் பாதையில் கிடைத்தது. ரயில்கள் சமிக்ஞைத் தொடர்பை இழந்து திடீர் திடீரென நின்றன. அரசாங்கத் தரவு வல்லுநர்கள் மூவர், ஒவ்வொரு தடையும் நேர்ந்த நேரத்தையும் இடத்தையும் பைத்தான் நிரல் எழுதி வரைபடமாக்கினர். எதிர்த்திசையில் சென்ற ‘பிவி46’ என்ற ஒரே ரயில், தன்னைக் கடந்து சென்ற மற்ற ரயில்களைப் பாதித்தது புலப்பட்டது. மறுநாள் அந்த ரயிலை ஓட்டிப் பார்த்து அதை உறுதிசெய்தார்கள்.

அவர்கள் பயன்படுத்தியது மாணவர்களும் கற்கும் சாதாரணக் கருவிதான். தடைகள் ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டிருந்தன. அவற்றைப் பொறுமையாகப் படிக்க ஆளும் இருந்தனர். கண்டுபிடித்த விதத்தையும் பின்னர் பொதுமக்களுக்கு விளக்கினர்.

புக்கிட் பாஞ்சாங்வாசிகள் எதிர்பார்க்க வேண்டியதும் அதையே. பிழையே இல்லாத மென்பொருள் உலகில் எங்கும் இல்லை. ஆனால், வேலைக்கும் மருந்தகத்துக்கும் புறப்பட்டவர் நடைமேடையில் காத்திருக்கும்போது, “சமிக்ஞைக் கோளாறு” என்ற இரண்டு சொற்கள் போதா. என்ன நடந்தது, எதைச் சரிசெய்தார்கள், மீண்டும் வராமலிருக்க என்ன வழி என்பதை எளிய மொழியில், தமிழிலும் சொல்ல வேண்டும். புதிய ரயில்மீது நம்பிக்கை வளர அதுவே வழி.