'பாக்ஸ் போயிடுச்சு' என்னும் தீர்ப்பு

டி.வி. தெரியவில்லை என்று கேபிள்காரருக்குப் போன் செய்தால், இரண்டு நாள் கழித்து ஒரு தம்பி வருவார். ரிமோட்டை நாலு தடவை அமுக்குவார். பாக்ஸின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். பிறகு தீர்ப்பு: "பாக்ஸ் போயிடுச்சு சார், மாத்தணும்." விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ எடுத்து வைத்தால் புதுப் பெட்டி வரும். ரசீது மட்டும் வராது.

இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் அக்கா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். காலை பக்திப் பாட்டில் தொடங்கி இரவு சீரியல் வரை அந்த வீட்டில் கேட்கிற மனிதக் குரல் டி.வி.யின் குரல்தான். போன மழைக்காலத்தில் அது நின்றுபோனது. நான்கு நாள் வீடு ஊமையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது. அக்கா 1,500 ரூபாய் கொடுத்தார், புதுப் பெட்டி வந்தது. இரண்டே நாளில் மறுபடியும் படம் போய்விட்டது.

என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் பின்னால் வரும் ஒயரைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். நடுக்கம்பி துருப்பிடித்து, பின்னுக்குள் பொடியாக உதிர்ந்தது. இந்த ஒயர்களில் பலவற்றுக்கு மேலே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு. நம் புதுச்சேரிக் கடற்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? ஓர் அங்குலம் நறுக்கிவிட்டு, இருபது ரூபாய்க்குப் புதுப் பின் வாங்கிப் போட்டோம். படம் வந்தது. பிறகு, 'போய்விட்ட' பழைய பெட்டியை அலமாரி மேலிருந்து எடுத்து மாட்டினேன். அதிலும் படம் வந்தது!

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெட்டி உயிரோடு இருந்தது. அக்காவின் 1,500 ரூபாய்தான் திரும்பி வரவில்லை.

வந்துபோகிற தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் சிக்னலை அளக்கும் மீட்டர் இல்லை. பார்க்கவேண்டிய வீடுகளோ ஏராளம். குற்றம் அவரை அப்படி அனுப்புகிற ஏற்பாட்டில் இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிப்பதைவிடப் பெட்டியை விற்பது சுலபம் என்று ஆகிவிட்டது.

ஆன்டெனா காலத்தில் இப்படி இல்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, காரைக்காலில் வேலை பார்த்த நாட்களில், மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா கட்டிக் கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்திருக்கிறோம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சிக்னல் பலவீனம். உருவம் இரண்டாகத் தெரிந்தால் எங்கோ மோதித் திரும்பி வருகிற அலை. சத்தம் மட்டும் வந்தால் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பவேண்டும். நோய் என்னவென்று படமே சொல்லிவிடும். படிக்காதவரும் கம்பத்தைத் திருப்பிச் சரிசெய்வார்.

டிஜிட்டலில் அந்தப் பேச்சு கிடையாது. சிக்னல் ஓரளவு குறைகிறவரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, நின்றுவிடும். இடைப்பட்ட நிலை அநேகமாக இல்லை. அதனால்தான் இருபது ரூபாய்ப் பின்னின் கோளாறும் பெட்டியே எரிந்துபோனதும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. நம் அறியாமை இங்கேதான் தொடங்குகிறது. வியாபாரமும் இங்கேதான்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் தெக்கார்த்தைப் பாடம் நடத்துவார். 1637-ல் வந்த அந்தத் தத்துவஞானியின் நூலில் ஒரு விதி உண்டு: பெரிய சிக்கலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரி. இன்னொரு விதி: எளியதிலிருந்து தொடங்கு. பிற்பாடு அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தபோது, காணாமல்போன கோப்பை நாங்கள் தேடியதும் இப்படித்தான். எந்த மேசை வரை வந்தது, எந்த மேசைக்குப் போய்ச் சேரவில்லை என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவில்தான் கோப்பு இருக்கும். டி.வி.க்கும் அதே கதைதான்.

முதலில் பெட்டியில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் சந்தேகம் அடாப்டர் மேல். பெட்டி போவதற்கு முன்னால் அடாப்டர் போவது சகஜம். அதன் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் அதே அளவாக, ஆம்பியர் குறையாததாக, முனை பொருந்துவதாக வேறு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பற்றிப் பேசவேண்டும்.

இரண்டாவது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் 'நோ சிக்னல்' என்று வருகிறது. இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் நம்மைப் பாதி ஏமாற்றுகிறார்கள். இதைச் சொல்வது டி.வி.யா, பெட்டியா? பெட்டியின் ரிமோட்டில் 'மெனு'வை அமுக்குங்கள். மெனு வராவிட்டால் பெட்டியிலிருந்து டி.வி.க்குச் செய்தி போகவில்லை என்று அர்த்தம். பேரப்பிள்ளை டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எச்.டி.எம்.ஐ. ஒயரோ, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரோ நழுவியிருக்கலாம். மெனு வந்துவிட்டால் பெட்டிக்கும் டி.வி.க்கும் நடுவில் கோளாறு இல்லை. கோளாறு பெரும்பாலும் வெளியே, வந்து சேருகிற ஒயரில்.

மூன்றாவது, பக்கத்து வீட்டில் தெரிகிறதா என்று கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பேசாமல் ஒரு காப்பி குடியுங்கள். அங்கே தெரிந்தால் உங்கள் ஒயர், பின், ஸ்ப்ளிட்டர் மூன்றையும் பாருங்கள். டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பெருமழையில் படம் போவது இயற்கை. மழை விட்டதும் வந்துவிடும். மார்ச் நடுவையொட்டியும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தையொட்டியும் சில நாள், நடுப்பகலையொட்டிச் சில நிமிடம் படம் கலங்கினால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் பெட்டி மாற்றியவர்கள் உண்டு!

நான்காவது, சில சேனல் தெரிகிறது, சில சேனலில் எழுத்து மட்டும் வருகிறது என்றால் அது பணம் கட்டிய கணக்கு. பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஐந்தாவது ரிமோட். செல்போன் காமிராவுக்கு நேராகப் பிடித்து அமுக்குங்கள். அநேக போன்களில் ரிமோட்டின் முனையில் ஊதா வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

அவ்வளவுதான் வித்தை. ஒரு தாளில் ஒரு பக்கம். இந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுக்க என்ன செலவு ஆகிவிடும்?

2011-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012-ல் பெருநகரங்களில் தொடங்கி, எல்லார் வீட்டிலும் இந்தப் பெட்டியை வைக்கச் சொன்னது அரசு. நாம் கேட்டு வாங்கியது இல்லை. 2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறை வந்தபோது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று காசு சுத்தமாகக் கணக்குச் சொன்னார்கள். வசூலில் இருக்கிற அந்தக் கணக்குச் சுத்தம் பழுது பார்ப்பதில் ஏன் இல்லை?

பிரான்சிலும் 2011 நவம்பரில் பழைய ஒளிபரப்பை முழுவதும் நிறுத்தினார்கள். அந்த மாற்றத்தின்போது, எழுபது வயது கடந்தவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கு இலவசமாக ஆள் அனுப்பிக் கருவியை மாட்டிக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. வெள்ளைக்காரன் புகழ் பாடுகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். எழுபது வயதுக் கண்ணும் விரலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அங்கே அதை நினைத்துப் பார்த்தார்கள். இங்கே நமக்கு ஓர் அட்டைப்பெட்டியும் அதற்குள் பொடி எழுத்து ஆங்கிலத் தாளும் கிடைத்தன.

இன்னொரு அநியாயமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பெட்டியை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியாது. செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-லேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று டிராய் 2020-ல் பரிந்துரை செய்தது. பரிந்துரை செய்த தாள் இருக்கிறது, பெட்டியைக் காணோம்.

"இப்போ யார் சார் கேபிள் பார்க்கறாங்க, எல்லாம் செல்போன்தான்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். யார் பார்க்கிறார்களா? முழங்கால் வலியோடு வெளியே போகமுடியாதவர்கள், கண் மங்கி உள்ளங்கைத் திரையைப் படிக்கமுடியாதவர்கள், வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் பார்க்கிறார்கள். மாதா மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. திரையில் வரும் செய்தி தமிழில் வரட்டும். பெட்டி பழுது என்று சொல்லும் முன், இன்னொரு பெட்டியை அதே ஒயரில் மாட்டிக் காட்டட்டும். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்கட்டும். புகாருக்கு எண் தரவேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அதைக் கேட்காமலே தரட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "பாக்ஸ் போயிடுச்சு" என்று யார் சொன்னாலும் உடனே மணிபர்ஸைத் திறக்காதீர்கள். "சரி தம்பி, நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, பெட்டியையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு, அதே கேபிள் இருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அங்கே மாட்டிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. ஒயரைப் பார்க்கச் சொல்லிப் புகார் எண்ணோடு கேளுங்கள். அங்கேயும் வராவிட்டால் மட்டும் புதுப் பெட்டியின் விலையைப் பேசுங்கள். தனியாக இருக்கும் அக்கா, அண்ணன் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்காக நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். பெட்டியின் கனம் அரைக் கிலோ கூட இருக்காது.