நம்பும்படியாக இல்லை

'முடிவு நம்பும்படியாக இல்லை' என்றார் ஒரு நண்பர். தஞ்சாவூரில் ஒரு மாடியறையில் இருபது பேர் உட்கார்ந்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பார்த்து முடித்திருந்தோம். ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 1968ஆம் வருடத்து அமெரிக்கப் பேய்ப்படம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. தெரிந்தவர்கள் காசு போட்டு, சுமார் 1,14,000 டாலரில் முடித்த கருப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணைவீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பலகை அடித்துக் கதவடைத்துப் போராடி, கடைசியில் உயிரோடு மிஞ்சுகிறவன் பென் என்கிற கறுப்பு இளைஞன். விடிந்ததும் பேய்வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம், சன்னலில் தெரிந்த அவனையும் பேய் என்று சுட்டுத்தள்ளுகிறது. உடம்பைக் கொக்கி மாட்டி இழுத்துப்போய் விறகோடு போட்டுக் கொளுத்துகிறார்கள். அவ்வளவுதான் படம்.

ஒப்பனை மட்டம், வேகம் போதாது, நடிப்பு நாடகத்தனம் என்று மாடியறை பேசிக்கொண்டே போனது. சுட்டவன் யார், செத்தவன் யார் என்று பார்க்கவேண்டாமா என்று கேட்டேன். 'ஆரம்பிச்சிட்டாருய்யா' என்று ஒரு சிரிப்பு. 'நெறத்த நெனச்சு எழுதலன்னு டைரக்டரே சொல்லியிருக்காரு. வந்தவங்கள்ல டுவான் ஜோன்ஸ் நல்லா நடிச்சாரு, எடுத்துக்கிட்டாங்க. நீங்க ஏன் சார் எல்லாத்துலயும் சாதியக் கொண்டாறீங்க?'

ரொமேரோ அப்படிச் சொன்னது உண்மைதான். படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போகும்போது, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாகச் சொன்னவரும் அவரேதான். அது 1968 ஏப்ரல் 4. எழுதினவன் நினைக்காததைப் பார்க்கிறவன் பார்க்கக்கூடாதாம். நானும் தமிழ் எம்.ஏ. படித்தவன்தான். குறளுக்குள் பரிமேலழகர் வருணாசிரமத்தைக் கொண்டுவந்தால் உரைநயம். நாங்கள் ஒரு பேய்ப்படத்தில் பிணத்தின் நிறத்தைப் பார்த்தால் சாதிவெறி.

இந்தப் படத்தில் ஒரு வசதி உண்டு. தலைப்பை மாற்றியபோது உரிமைக்குறிப்பு விட்டுப்போய், யாருக்கும் சொந்தமில்லாத படமாகிவிட்டது. யாரையும் கேட்காமல் எங்கேயும் போடலாம். எங்கள் தெருவில் போட்டேன். குறுவை அறுப்பு முடிந்த சமயம். வாடகை புரொஜக்டர், கோயில் சுவரில் வெள்ளை வேட்டி, பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் சொன்னது நான்.

1969இல் சிகாகோவில் இந்தப் படத்தின் பகல்காட்சியில் பிள்ளைகள் மிரண்டு அழுததை ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தன. ஊர்ச் சுடுகாட்டில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் குறை சொன்னார். 'பொணம் நடக்கல்லாம் நடக்காது தம்பி. எரியறப்ப கைகால் மொடங்கி எழுந்திரிக்கிற மாதிரி வரும். கட்டையால ஒரு தட்டு, படுத்துக்கும். எத்தன பாத்தாச்சு.' எந்தப் பேய்ப்பட விமர்சனத்திலும் இவ்வளவு அனுபவத்தை நான் படித்ததில்லை. அந்த அனுபவத்தை அவர் தலையில் கட்டிய ஊர், அவரைக் கோயிலுக்குள் விட்டதில்லை.

கொக்கி, விறகு, தீ வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் ஒரு பெரியம்மா கேட்டது:

'சுட்டவன் மேல கேசு உண்டாப்பா?'

'படத்துல அது இல்ல பெரியம்மா.'

'இருந்தாலும் வுட்ருப்பானுவோ.'

முடிவு நம்பும்படியாக இல்லை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

படம் பிட்ஸ்பர்க்கில் வெளியானது 1968 அக்டோபர் 1. மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 25 ராத்திரி, அன்றைக்குத் தஞ்சை மாவட்டத்திலிருந்த கீழ்வெண்மணியில், கூலிநெல் கூடக் கேட்டவர்களின் தெருவுக்குள் மிராசுதார்களும் அடியாட்களும் புகுந்தார்கள். ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், வெளியே வரவிடாமல் கொளுத்தினார்கள். 1970இல் நாகப்பட்டினம் கோர்ட்டு சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள், ஆளை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பமுடியவில்லை என்றது தீர்ப்பு.

மாடியறை நண்பரே, உங்கள் விமர்சனத்தை உங்களுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் எழுதிவிட்டது.

அடுத்த மாதம் அங்கே இன்னொரு பேய்ப்படமாம். 'விவாதத்தைப் படத்தோட நிறுத்திக்குவோம்' என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன், முன்வரிசைக்கு.