நரைதான் தகுதி

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, சபையின் அழைப்பை ஏற்று ஒன்றரை வருடம் வேறொரு நாட்டுக்குக் கிளம்புகிறார்கள். கேள்விப்படுகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். “கையில் பென்ஷன் பணம் இருக்கிறது, சாமி பேரைச் சொல்லி ஊர் சுற்றப் போகிறார்கள்” என்பது ஒரு பேச்சு. “இந்த வயதில் அங்கே போய் என்ன செய்துவிட முடியும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே” என்பது இன்னொன்று. அந்தச் சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் இப்படிப் பேசுகிறார்கள், நம் தெருவிலும் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: வயதானவர் செய்யும் வேலை வேலைக்கணக்கில் சேராது. இந்த எண்ணம் தவறானது. கண்ணெதிரே நடக்கும் உழைப்பைக்கூட நம்மைப் பார்க்கவிடாமல் செய்கிறது.

மார்மன் சபை என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இந்த வழக்கம் ஊறிப்போன ஒன்று. கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடந்துபோகும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். மூத்த தம்பதியர் அதே பட்டையைக் குத்திக்கொண்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள். வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்கு இல்லை. சம்பளமும் இல்லை. சாப்பாட்டுச் செலவு, வாடகை எல்லாம் சொந்தக் காசு. 2011-இல், இருப்பிடச் செலவு மாதம் 1,400 டாலரைத் தாண்டினால் மிச்சத்தைச் சபை ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு வரம்பு வந்தது, அவ்வளவுதான். உல்லாசப் பயணம் போகிறவர் எவரும் இந்தக் கணக்கில் போகமாட்டார்.

கானாவின் தலைநகர் அக்ராவில் இப்படிப்பட்ட ஒரு தம்பதியின் ஒரு நாள் எப்படிக் கழியும்? வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை, வேதவாசிப்பு, மலேரியா மாத்திரை. வடிகட்டிய தண்ணீரைப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டு மிஷன் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். கணவர் பெரும்பாலும் வண்டிகளையும் வீடுகளையும் பார்த்துக்கொள்பவர். இளம் ஊழியக்காரர்கள் தங்கும் வீடுகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கும். கானாவில் வீட்டுக்காரர்கள் ஒரு வருட, இரண்டு வருட வாடகையை ஒரே தவணையில் முன்பணமாகக் கேட்பது சாதாரணம். அந்தப் பேரத்தை முடித்து, ஒப்பந்தம் எழுதி, பழுதான குழாயைச் சரிசெய்யச் சொல்லி நாலாவது தடவையாக நினைவூட்டி, கொசுவலை கிழிந்திருக்கிறதா, சமையலறையில் கரப்பான் ஓடுகிறதா என்று உள்ளே நுழைந்து பார்ப்பது அவர் வேலை. மனைவி விசா தாள்களையும் குடியிருப்பு அனுமதிகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற செவிலியாக இருந்துவிட்டால் அவருடைய தொலைபேசி இரவிலும் ஓயாது. வீட்டை விட்டு முதல் தடவையாக வெளியே வந்த பையன் நடுச்சாமத்தில் காய்ச்சலோடு கூப்பிடுவான். எத்தனை டிகிரி, எப்போது தொடங்கியது, தண்ணீர் குடித்தாயா, ரத்தப் பரிசோதனைக்கு எந்த மருத்துவமனை பக்கம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வழிநடத்த வேண்டும்.

மின்சாரம் போகும், வரும். டிசம்பர் மாதத்தில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று மேசை, தட்டு, நுரையீரல் எங்கும் புழுதியைப் படியவைக்கும். இருபது வயதில் இதெல்லாம் சாகசம். முட்டிவலியோடும் ரத்த அழுத்த மாத்திரையோடும் இதைத் தாங்குவது வேறு விஷயம்.

மனிதநேயப் பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் நாளைக் கழிக்கும் விதம் வேறு. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் அறுபது விநாடிக்குள் உதவுவது எப்படி என்று மருத்துவச்சிகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியைச் சபை பல நாடுகளில் ஆதரிக்கிறது. கற்றுத்தரும் மருத்துவர்கள் சில நாட்கள் வந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் சுகாதார அதிகாரிகளின் அறைவாசலில் காத்திருப்பது, பயிற்சிக் கருவிகளைச் சுங்கத்திலிருந்து மீட்பது, அவர்கள் போன பிறகு அந்தக் கருவிகள் பிரசவ அறையில் இருக்கின்றனவா அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பது எல்லாம் இந்தத் தம்பதியர் தலையில் விழும். படம் எடுத்துப் போட ஏற்ற வேலை எதுவும் இதில் கிடையாது. இது நடக்காவிட்டால் மற்றதும் நடக்காது.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ‘வயதாகிவிட்டாலும் இவ்வளவு செய்கிறார்களே’ என்று பரிவோடு பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாராட்டையும் நான் மறுக்கிறேன். இவர்கள் வயதானவர்கள் என்பதால்தான் இந்த வேலை நடக்கிறது. காய்ச்சலில் அழும் பையனை நாலைந்து பிள்ளை வளர்த்த ஒருத்தி சமாளிப்பதுபோல எந்த மேலாளரும் சமாளிக்க முடியாது. வாடகைப் பேச்சில் நரைத்த தலைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கும் மரியாதை இளைஞனுக்குக் கிடைக்காது. பெரியவருக்கு எழுந்து இடம் கொடுக்கும் சமூகம் அது. முப்பது, நாற்பது வருடக் கணக்கு வழக்கு அனுபவம், இயந்திரத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் பழக்கம், அதிகாரி இழுத்தடிக்கும்போது பொறுமை இழக்காத குணம் எல்லாம் பயிற்சி மையத்தில் ஒரு வாரத்தில் வருகிறவையா? பிறகு, இருவராக வாழ்வதே ஒரு பணி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆன உள்ளூர்த் தம்பதி, நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவர் கருத்து வேறுபட்டும் முகம் கோணாமல் பேசிக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். பிரசங்கத்தால் அதைக் கற்பிக்க முடியாது.

வரலாறும் இதையே சொல்கிறது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவத்தை மறுத்து வந்த தன் விதியை இந்தச் சபை 1978 ஜூன் மாதம் நீக்கியது. அந்த விதி சபையின் சரித்திரத்தில் ஒரு கறை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தடை நீங்கியதும் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் முதலில் யாரை அனுப்பினார்கள்? ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி என்ற தம்பதியையும், எட்வின் கேனன், ஜேனத் கேனன் என்ற தம்பதியையும். மேபிக்கு அப்போது எழுபது வயது. அங்கே இவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். கானாவின் கேப் கோஸ்டில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் 1964-இலிருந்தே, சபையின் அங்கீகாரம் எதுவும் இல்லாமல், தானே கூட்டங்களை உருவாக்கி நடத்திவந்தவர். நைஜீரியாவில் அந்தோனி ஒபின்னாவும் பல வருடம் கடிதம் எழுதிக் காத்திருந்து 1978 நவம்பர் 21-இல் ஞானஸ்நானம் பெற்றார். இத்தனை காலம் வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் முன்னால் போய் நிற்க வெட்கம் தெரிந்த, கேட்கத் தெரிந்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளைகளை அனுப்பாமல் பெரியவர்களை அனுப்பியது சரியான முடிவு என்பேன்.

பேரப்பிள்ளைகள் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. தாத்தா பாட்டி இல்லாமல் ஒரு குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வது இழப்புதான். போகிறவர்களுக்கும் அது வலிக்கிறது. அக்ராவில் இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் யூட்டாவில் பகல் ஒரு மணி. அந்த நேரக்கணக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் பேசுகிறார்கள். ஆனால் தாத்தாவின் அன்பை வீட்டுக் காவலாகவும் பாட்டியின் அன்பைச் சம்பளமில்லாத ஆயா வேலையாகவும் குறுக்கிவிட்டு, அதைக் கடமை என்று அழைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளின் வசதியைப் பெற்றோரின் தர்மமாக மாற்றும் தந்திரம் அது.

நம் மண்ணிலேயே, வேறொரு சபையில், இதற்குச் சான்று இருக்கிறது. கொல்லிமலையில் கணவர் ஜெஸ்ஸியோடு ஊழியம் செய்த எவ்லின் பிராண்ட், 1929-இல் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது என்று மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. மலைக்குப் போனார். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும், மட்டக்குதிரையில் ஏறியும் கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் ஊர் ஊராகத் திரிந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற பால் பிராண்ட் அவருடைய மகன். புகழ்பெற்ற மகனின் வீட்டில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கலாம். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். மலைக்காரர்கள் பாட்டி என்று கூப்பிட்டது அந்தக் கடைசி இருபத்தைந்து வருட உழைப்புக்கான பட்டம். அந்தச் சங்கத்தின் கணக்கில் அவர் ஓய்வுபெற்றவர்.

எதிர்த்தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. அதை ஊர் சுற்றல் பேச்சோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. உள்ளூரில் வேலையில்லாதவர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடியதை, வெளிநாட்டவர் இலவசமாக வந்து செய்வது சரியா? வண்டி ஓட்டுவதும் குழாய் மாற்றுவதும் அக்ராக்காரரின் வேலை. அவற்றை அவருக்கே கொடுக்க வேண்டும். கானாவில் பேசும் ட்வி மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாமல் வந்து, ஆங்கிலத்தை நம்பியே பதினெட்டு மாதத்தையும் முடித்துக்கொண்டு போவதும் சரியில்லை. மூத்தவர்கள் மொழி கற்க மாட்டார்கள் என்று சபையே முன்கூட்டி முடிவுசெய்துவிடுவது, நான் எதிர்க்கும் அதே எண்ணத்தின் இன்னொரு முகம்.

சொந்தக் காசில்தான் போக வேண்டும் என்ற விதியும் மாற வேண்டும். ஆப்பிரிக்கத் தம்பதியரும் இப்போது ஊழியத்துக்குப் போகிறார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் சந்தையில் துணி விற்ற கானாக்காரிக்கும் மீன்பிடித்த அவள் கணவனுக்கும் பென்ஷன் ஏது? அவர்களிடம் இருக்கும் அறுபது வருட அனுபவம் யூட்டாக்காரரின் அனுபவத்துக்குக் குறைந்ததா? இளம் ஊழியக்காரருக்கு ஏழை நாடுகளில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் சபை, அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கும் விமானச்சீட்டு எடுத்துக் கொடுக்கட்டும்.